அவள் பேரில் ஓடிய கார்டு மெஷின்

பெங்களூரில் வீட்டு வாசலில் கார்டு மெஷின் வைத்துப் பழைய சாமான் விற்ற முதல் ஆள் நான்தான். இது பச்சைப் பொய். யார் முதல் என்று எனக்கு எப்படித் தெரியும்? மெஷினே என்னுடையது இல்லை, என் வீட்டுக்காரியுடையது. காக்ஸ் டவுனில் இருபது வருடம் பிளவுஸ் தைத்தவள். துணி வாங்க வருகிற டீச்சரம்மாக்கள் கார்டை நீட்டுகிறார்கள் என்று பேங்கில் கேட்டு வாங்கினாள். எனக்கு அதில் தெரிந்தது பச்சை பட்டன், சிவப்பு பட்டன். மூன்றாம் வகுப்போடு வாத்தியார் என்னிடமிருந்து தப்பித்தார். பிறகு டெம்போ ஓட்டினேன். பச்சையும் சிவப்பும் அங்கே கற்றதுதான்.

அவள் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வைட்ஃபீல்டில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எனக்கு ஒரு அறை, ஒரு அலமாரி. மீதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுக்குள், பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் பரப்பி வைத்தோம்.

முதலில் போனது தையல் மெஷின். ஜீவனஹள்ளியிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். பேரம் பேச வாய் வரவில்லை. ஆட்டோ முனை திரும்பிய பிறகு மகள் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, போன்ல ஸ்கேன் பண்ற ஸ்டிக்கர் அதுலதானே ஒட்டியிருந்துச்சு?"

"ஆமா. ஸ்டிக்கருக்குத் தனியா காசு கேட்டிருக்கணும்."

மகள் சிரிக்கவில்லை. நானும்தான். உள்ளே போய் அலமாரியிலிருந்து கார்டு மெஷினை எடுத்து வந்தேன்.

"இதுவும் அம்மா பேர்லதான் இருக்கு. பேங்குல நீ இன்னும் சொல்லவே இல்ல. டெத் சர்டிபிகேட் வந்து மூணு மாசமாச்சுப்பா."

"சொன்னா மெஷினை நிறுத்திடுவாங்களே."

"நிறுத்தட்டும். சொல்லித்தானே ஆகணும்?"

"திங்கக்கிழமை சொல்றேன்."

"எத்தனை திங்கக்கிழமை?"

உண்மையில், அவள் போனதை நான் யாரிடமும் வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். சர்ச்சில் ஃபாதர் சொன்னார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் மகள் சொன்னாள். என் முறை வரவே இல்லை.

நாற்காலி போனது. குக்கர், மிக்ஸி, டிவி ஸ்டாண்டு போயின. ஒவ்வொரு முறையும் மெஷின் சின்னச் சீட்டு துப்பும். உடனே சமையலறையில் அவள் போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். அந்த போனுக்கு நான் தினமும் சார்ஜ் போட்டு வந்தேன். எதற்கு என்று கேட்டால், சும்மாதான்.

டிவி ஸ்டாண்டு வாங்கிய பையன் சீட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"அங்கிள், இதுல லேடீஸ் பேர் இருக்கே?"

"வீட்டுல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அவன் நம்பிப் போனான். மகள் என்னை ஓரமாக இழுத்தாள்.

"அப்பா, காசெல்லாம் அம்மா அக்கவுண்டுக்குப் போகுது. தெரியுதா? அம்மா கையெழுத்து இல்லாம எப்படி எடுப்ப?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து வீட்டுச் சாமானை விற்று விற்று அவளிடமே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"முப்பது வருஷமா சம்பளக் கவரை அவகிட்டதானே கொடுத்தேன்? இப்ப என்ன புதுசா?"

"அப்ப அம்மா டீக்காசாவது திருப்பிக் கொடுப்பாங்க."

சரிதான். தினமும் காலையில் டீக்காசு எண்ணி வைப்பாள்.

பத்துப் பன்னிரண்டு கார்டு போயிருக்கும், அவள் போன் அடித்தது. மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"மேடம் இதாரா சார்?" என்று, மேடம் இருக்கிறார்களா எனக் கன்னடத்தில் கேட்டவள், நான் 'யாரும்மா?' என்றதும் தமிழுக்கு வந்தாள். "நாலு மாசமா ஓடாத மெஷின்ல இன்னைக்கு வரிசையா கார்டு போகுது சார். மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

"மேடம் குளிக்கறாங்கம்மா."

வைத்துவிட்டேன். தலைமாட்டில் பூ வேலை செய்த எங்கள் கட்டிலை விலை பேசினார்கள் புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர். கட்டிலைக் கழற்றி லக்கேஜ் ஆட்டோவில் பாதி ஏற்றியபோது மறுபடி போன்.

"மேடம் சர்ச்சுக்குப் போயிட்டாங்க."

"குளிச்சிட்டு உடனேவா சார்?"

"அவங்க ஸ்பீடு அப்படி."

அந்தப் பக்கம் லேசாகச் சிரித்தாள். நான் சுவரில் கட்டில் உரசிய தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து பார்த்தால் கட்டிலின் நாலு காலும் ஆட்டோவில் ஏறியாயிற்று. புது மாப்பிள்ளை கார்டை நீட்டினான். போட்டேன். மெஷின் சீட்டு தரவில்லை, ஏதோ இங்கிலீஷ் காட்டியது. பச்சையை அழுத்தினேன், சிவப்பை அழுத்தினேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மூன்றாவது முறையாக அவள் போன் அடித்தது.

அந்தப் பெண் கோபப்படவே இல்லை.

"மெஷினை ஹோல்டுல வச்சிருக்கோம் சார். பயப்படாதீங்க, மேடம் பேசினா எடுத்துடுவோம். எப்ப வருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க, அப்ப நானே போன் பண்றேன்."

மாப்பிள்ளை கார்டோடு நிற்கிறான். மகள் என் முகத்தையே பார்க்கிறாள். இதற்கும் ஒரு பதில் கையில் இருக்கும் என்று தைரியமாக வாயைத் திறந்தேன். திறந்தால்...

"அப்பா! ஞாயித்துக்கிழமை கதையை எழுதினது போதும், திங்கக்கிழமை வந்தாச்சு, கேப் வந்து கீழ நிக்குது. பேங்க் மூடிடப் போறாங்க. சர்டிபிகேட் எடுத்தியா?"

"பையில இருக்கு."

"அங்க நீதான் சொல்லணும். நான் வாயைத் திறக்கவே மாட்டேன், சொல்லிட்டேன்."

"இரு, செருப்பு மாட்டிட்டு வரேன்."