பென்சில் கோடு

அண்ணனின் மேசையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு உண்டு. பாட்டுகள் வெளியாவதற்கு முன் கடைசியாக ஒலியைச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். பதினெட்டு வருடமாகக் குமிழை அந்தக் கோட்டில் வைத்துத்தான் எல்லாவற்றையும் கேட்கிறார். அறையைப் பெருக்கி ஒயர்களைச் சுற்றி வைக்கும் நான், துடைக்கும்போது துணி அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடு அப்படியே இருக்க, பாட்டுகள்தான் வருடா வருடம் சத்தமாகிக்கொண்டு வந்தன. காரணத்தை ஒருநாள் அலுத்துக்கொண்டே சொன்னார். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவதைச் சற்று உரக்க வைத்தால், கேட்பவர்கள் அதுதான் நல்லது என்பார்களாம். அதனால் ஆளாளுக்குப் பக்கத்துப் பாட்டை முந்தப் பார்க்கிறார்கள். உச்சத்துக்கு மேல் ஏற வழியில்லை. எனவே பெரிய சத்தங்களை அமுக்கிவிட்டு, மெல்லியதையெல்லாம் மேலே தூக்குகிறார்கள். கிசுகிசுப்பும் கத்தலும் ஒரே உயரம்.

போன மாதம் வந்த பாட்டை அப்படிச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. கடைசிச் சரணத்துக்கு முன்னால் வாத்தியமெல்லாம் ஓய்ந்து, பாடகி மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் காப்பாற்ற நாலு நாள் உட்கார்ந்தார்.

தயாரிப்பாளர் வந்து கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சின்னதா கேக்குதே சார்."

"கேக்கறவங்க திருப்பி வெச்சுக்கட்டும். குமிழ் அதுக்குத்தானே இருக்கு?"

"என் பாட்டுக்கு மட்டும் அவங்க கையை நோகடிச்சுக்கணுமா?"

அண்ணன் அமுக்கியும் ஒன்று செய்து, இரண்டையும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி போட்டுக் காட்டினார். மனுஷன் கண்ணை மூடிக் கேட்டு, மூச்சு மெல்லியதாக இருந்ததையே கைகாட்டினார். அண்ணன் முகம் தெளிந்தது.

"இதேதான் வேணும். ஆனா இன்னொண்ணு அளவுக்குச் சத்தமா."

கடைசியில் அமுக்கியதைத்தான் எடுத்துப்போனார்.

பாட்டு வெளியான மறுநாளே தயாரிப்பாளரிடமிருந்து போன். பாட்டுக் கேட்கும் செயலி எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு இறக்கிவிடுகிறதாம். மற்ற பாட்டுகளுக்கு நடுவில் இவருடையது ஏற்ற இறக்கமில்லாமல் சப்பையாகக் கிடக்கிறதாம். முதலில் செய்ததை வைத்திருக்கிறீர்களா என்று கெஞ்சினார். அண்ணன் பத்திரமாக வைத்திருந்தார். உடனே அனுப்பினார்.

சாயங்காலம் செய்தி வந்தது. பாட்டு அருமை, மாற்றிவிட்டேன், அந்த மூச்சை மட்டும் கொஞ்சம் சத்தமாக்கித் தர முடியுமா என்று.

அண்ணன் போனை என் கையில் திணித்தார். "நீயே பதில் போடு. நான் போட்டா நல்ல வார்த்தையா வராது."

குமிழைத் திருப்பிக் கேளுங்கள் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மூச்சு பிழைத்தது. மனுஷன்தான் திருந்தவில்லை. இந்த வாரம் அடுத்த பாட்டோடு வந்தவர், உட்காருவதற்கு முன்பே குமிழைக் கோட்டைத் தாண்டித் திருப்பிவைத்தார்.