வண்டியே வராத பாதையில்

பத்து காவான் என்ற ஊரில், பழைய எஸ்டேட்டின் செம்பனை எண்ணெய் மரங்களுக்குள் புகுந்து கடலோரம் போகும் சரளைப் பாதையில் வண்டியே வராது. நிற்காமல் சைக்கிள் மிதிக்கலாம் என்றுதான் ஒரு ஞாயிறு காலை ஜார்ஜ் டவுனிலிருந்து போனேன். வழியில் இன்னொரு சைக்கிளில் வந்து சேர்ந்துகொண்ட ஒரு மனிதர் எல்லாவற்றையும் கெடுத்தார்.

நரைத்த மீசை, மஞ்சள் ஹெல்மெட். தோட்டத்துக் கோயில் எது கண்ணில் பட்டாலும் இறங்கிவிடுவார். கையுறை, ஹெல்மெட், ஷூ, கடைசியில் ஈரக் காலுறை என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கும்பிட ஒரு நொடி, திரும்ப மாட்ட ஒரு யுகம். டவுனில் சிவப்பு விளக்குக்குக்கூட நான் இத்தனை தடவை நின்றதில்லை.

கடைசியாக நின்ற இடத்தில் கோயிலே இல்லை. வெடித்த சிமெண்டுத் தளம் மட்டும் கிடந்தது. அங்கேயும் ஷூவைக் கழற்றினார்.

"சாமிய செபராங் ஜெயாவுக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க யார்ண்ணே இருக்கா?"

"சாமி போயிருச்சு லா தம்பி. அதுக்காக சப்பாத்தோட இதுமேல ஏறிருவியா?"

ஏறிக் காட்டத்தான் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் இறங்க மறுத்தது. திட்டிக்கொண்டே குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தேன்.

அதற்குள் அவர், அதிசயமாக, ஷூ முதல் ஹெல்மெட் வரை எல்லாம் மாட்டிச் சைக்கிளில் ஏறியிருந்தார்.

"சீக்கிரம் லா தம்பி, வெயில் ஏறுது."