பர்மாக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தோம்

முதலில் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பிறகு அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலி. கப்பலில் வந்த நாட்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். சுசீந்திரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

பர்மாவில் என் கணவருக்கு நெல் ஆலையில் வேலை. கலகம் மூண்டபோது ஒரு சாயங்காலம் ஆயுதக்காரர்கள் எங்கள் குடியிருப்புக்குள் புகுந்தார்கள். அவரை வாசலில் கொன்றார்கள். என்னை உள்ளே இழுத்துப்போனார்கள். இதற்குமேல் எழுதப்போவதில்லை. இதே நிலையில் இருந்து இதைப் படிப்பவளுக்கு இவ்வளவு போதும்.

அவர் இறந்ததை மட்டும் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் மனைவி, என் மயினி, துவைக்க எடுத்த சேலையில் கறையைப் பார்த்துவிட்டாள்.

“இது எத்தன நாளாட்டு இருக்கு மக்கா?”

சேலையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. மறுநாள் வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் “தொடலாமா?” என்று கேட்டார். மூன்று முறை வேண்டாம் என்றேன். மூன்று முறையும் கையை விலக்கிக்கொண்டார். நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தேன். வெட்டை (உடலுறவால் தொற்றும் நோய்) என்றார். கருப்பைவரை அழற்சி (புண்பட்ட வீக்கம்) ஏறியிருந்தது. “இனிப் பிள்ளை உண்டாவது கஷ்டம். ஆனால் இது நீ தேடிக்கொண்ட நோய் இல்லை.”

ஊதாநிற மருந்துநீரால் கழுவினார்கள். வெந்நீர் ஒத்தடம். வாரக்கணக்கில் படுக்கை.

எங்கள் சர்ச் சபையில் மயினி பர்மாக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தாள். அந்தப் பொய் என்னைக் காப்பாற்றியது. ஜெபிக்க வந்த பெண்கள் இல்லாத காய்ச்சலுக்காக உருகி ஜெபித்தார்கள். இருந்த வலியோடு நான் தனியே ஆமென் சொன்னேன்.

எரிச்சல் தீர்ந்து, அந்த ஆஸ்பத்திரியிலேயே துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். “அஞ்சுகிராமத்துப் பெண். அவளும் பர்மாவிலிருந்து வந்தவள். யாரிடமும் பேசவில்லை. பக்கத்தில் இருக்கிறாயா?”

அவள் கட்டிலுக்கருகே நாலு நாள் சும்மா இருந்தேன். ஐந்தாம் நாள் அவளே கேட்டாள்.

“ஒனக்கும் இப்பிடித்தானா அக்கா?”

“ஆமா.”

அதை அதுவரை என் வாயால் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

“எப்பம் சரியாவும்?”

“நீர்க்கடுப்பு ரெண்டு மூணு மாசத்துல போயிரும். மத்தது எனக்குத் தெரியாது மக்ளே. நான் இங்கதான் இருப்பேன்.”

அவள் அழவில்லை. கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

இப்போது வலி இல்லை. ஆனால் பின்னாலிருந்து யாராவது தொட்டால் உடம்பு எனக்கு முன்பே விலகிவிடுகிறது; அதன் பிறகுதான் நான் திரும்பிப் பார்க்கிறேன். கன்னிப்பூ அறுப்பும் கும்பப்பூ அறுப்புமாக எத்தனையோ நெல் போகங்கள் போய்விட்டன. அவையெல்லாம் பழசாகிவிட்டன. அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.