தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிய மாப்பிள்ளை

நேற்று அண்ணா சாலையில் ஒரு கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. கூலன்ட் கொதித்த தித்திப்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சென்னை மறைந்து துபாய்க்குப் பக்கத்து ராஸ் அல் கைமா வந்துவிட்டது. சிலருக்கு மல்லிகை வாசனையில் காதலி ஞாபகம் வரும். எனக்கு வாய்த்தது இது.

தொண்ணூறுகளில் அங்கே ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். சிமென்ட் ஆலைப் புழுதிக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கபீலிடம் பழைய ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. கதவைச் சாத்தினால் பேங்க் லாக்கர் மாதிரி சத்தம் வரும். ஆனால் காரைச் செய்தவர்கள் கூரையின் உள்பக்கத் துணியை ஒட்டிய பசையில் மிச்சம் பிடித்திருந்தார்கள். வெயிலில் அது தொங்கி, கபீலின் தலைத்துணிமேல் இன்னொரு தலைத்துணியாக உட்கார்ந்துகொள்ளும். ரேடியேட்டரிலும் அதே கதைதான். நடுவில் நல்ல அலுமினியம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. எடையும் குறையும், செலவும் குறையும். ஜெர்மனிக் குளிருக்கு அது போதும்.

வளைகுடா வெயிலில் அது விரிசல் விட்டபோது என் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. பாஸ்போர்ட்டோ கபீலிடம். அவர் தன் இந்தியில் சுருக்கமாகச் சொன்னார்:

"காடி அச்சா, பாஸ்போர்ட் அச்சா. காடி மாஃபி, லீவ் மாஃபி." வண்டி இல்லையென்றால் லீவும் இல்லை.

புது ரேடியேட்டர் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வுக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். சூடான ஊரில் இது எதற்கு என்று கழற்றி எறிவது நம் ஆட்களின் பழக்கம். நானும் எறிந்தேன். ஓட்டிப் பார்த்தால் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. இரண்டு நாள் ஹோஸ், பம்ப் என்று எதையெதையோ மாற்றினேன். முள் இறங்கவில்லை, பயத்தில் எனக்குச் சோறும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் போர்மேன் சுடலையண்ணன் எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர்.

"தெர்மோஸ்டாட் எங்கல?"

"தேவையில்லன்னு கழட்டிட்டேண்ணே."

"ஜெர்மன்காரன் என்ன கோட்டிக்காரனா? பசையில மிச்சம் பிடிப்பான், இதுல பிடிக்க மாட்டாம்ல. போய்த் தேடு!"

கழிவு டிரம்மைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம். தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருந்தது. சூடானதும் மேல்தட்டு ரேடியேட்டருக்கு வழிவிடும், அடித்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை அடைக்கும். அடைக்க ஆளில்லாமல் கொதித்த தண்ணீர் பாதிக்குமேல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. திரும்ப மாட்டியதும் முள் சாதுவாக நடுவில் நின்றது. கபீல் "கலாஸ், யல்லா!" என்று, அதாவது முடிந்தது, கிளம்பு என்று, பாஸ்போர்ட்டை நீட்டினார்.

முகூர்த்தத்தன்று காலைதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டிய கையில் நகத்திடுக்கெல்லாம் கிரீஸ்.

"கையக்கூடக் கழுவாம வந்துட்டீங்களா?"

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு ஒவ்வொரு லீவிலும் அதற்காகத் திட்டுவாள். திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் விடுவாள்.

இப்போது பானட்டைத் திறந்தால் எஞ்சினே தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் மூடி. நானும் வேலையை விட்டு வருஷங்களாகிவிட்டன. நகமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பார்க்க அவள் இல்லை.