அவள் கட்டிய டாக்டர் வேஷம்

ஐந்தாறு வருஷம் இருக்கும். கள்ளக்குறிச்சியில் பிசியோதெரபிஸ்டாக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாரத்தில் ஒரு நாள் வேனில் கல்வராயன் மலைக்குப் போவோம். கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில்தான் முகாம்.

அங்கே ஒரு பெண் வருவாள். என் வயதுதான் இருக்கும். குழந்தையில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் இடது கால் சூம்பிப் போயிருந்தது. தொடையைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பாள். சாமை பயிரிடுகிற குடும்பம், கைக்குழந்தை வேறு. நாலு இடம் அலைந்து அவளுக்குக் கால் முழுவதையும் பிடிக்கிற இரும்புக் காலிப்பர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் இருபது தப்படி நடக்கச் சொன்னேன். தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அடுத்த வாரம் காலிப்பர் இல்லாமல் வந்தாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. "இன்னாமா, மறுபடியும் கழட்டிட்டியா?" என்றால், "வூட்டுல கீதுங்க மேடம்" என்று தலையைக் குனிந்துகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். மூன்று தடவை அப்படி எழுதிவிட்டால் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்துவிடுவோம். இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். நானே எழுதினேன். காலிப்பர் போடாத ஒரு சோம்பேறிப் பெண் கீழே விழுகிறாள், டாக்டர் புத்தி சொல்கிறார், அவள் திருந்தி நடக்கிறாள், சுபம். யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் நடிக்க அவளையே கூப்பிட்டேன் பாருங்கள், அதற்குப் பெயர் கொழுப்பு.

ஒத்திகைக்குக் காலிப்பரையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கதையை முழுக்கக் கேட்டாள். கையிலிருந்த காலிப்பரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "நான் டாக்டர் வேஷம் கட்டுறேங்க. நீங்க நானா நடிங்க" என்றாள். ஒத்திகை பார்க்க வந்திருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கைதட்டிவிட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். காலிப்பரை என் காலில் அவளே மாட்டினாள். போர்வையைக் குழந்தை மாதிரி சுருட்டி என் முதுகில் கட்டினாள். நான் வராண்டாவில் நடக்கப் போனேன். "என் வூடு வராண்டாவுலயா கீது?" என்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குக் கூட்டிப் போய், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தாள்.

ஏறும்போதே, காலிப்பரின் முழங்கால் பூட்டால் மடங்காத கால் கல்லில் இடித்தது. களை எடுக்கிற மாதிரி குந்தச் சொன்னாள். பூட்டை விடுவித்தும் இரும்பு தொடையில் குத்தியது, குந்த முடியவில்லை. பூட்டைப் போட்டுக்கொண்டு இறங்கும்போது ஈர மண்ணில் அந்தக் கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தேன். குடம் உருண்டது. முதுகிலிருந்த போர்வை எனக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கியது.

பின்னாலேயே வந்து சிரித்துக்கொண்டிருந்த நர்ஸும் மற்றவர்களும் அப்படியே அடங்கிவிட்டார்கள்.

அவள் மட்டும் வேஷத்தைக் கலைக்கவில்லை. என் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இல்லாத மூக்குக் கண்ணாடியை நான் செய்வது போலவே மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "இன்னாமா இது? உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? எழுதிடட்டுமா?" என்றாள்.

அது அச்சு அசல் நான்தான். அவ்வளவு கரிசனமும் அவ்வளவு திமிரும் ஒரே குரலில் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வெட்கத்தில் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

அவள்தான் கை கொடுத்துத் தூக்கினாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேங்களே. வழுக்குதுன்னேன். போகப்போகப் பழகிடும்னீங்க." உருண்ட குடத்தை நிமிர்த்திக்கொண்டே, "ஒரு தபா புள்ளையோட வுழுந்தேங்க. அன்னிக்குக் கழட்டினதுதான்" என்றாள்.

அவள் வழுக்குகிறது என்று சொன்னது எனக்கும் நினைவுக்கு வந்தது. காதில் விழுந்ததை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை.

நாலரை வருஷம் படித்தவள் நான். எந்தத் தசை எங்கே பிடிக்கிறது, எந்த மூட்டு எத்தனை பாகை மடங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவள் நிற்கிற தரையில் என்னை நிற்க வைத்தது அந்த அரைமணி நேர நாடகம்தான்.

ஃபைலில் நான் எழுதிய இரண்டு வரிகளையும் அடித்து, கையெழுத்துப் போட்டு, 'கருவி மலைக்குப் பொருந்தவில்லை' என்று எழுதினேன். எடை குறைந்த, பாதம் மடங்குகிற வேறொன்று வர ஏழு மாதம் ஆனது. அதையும் அவள் சமதரையில் மட்டும்தான் போடுகிறாள். காட்டில் பழையபடி கையும் ஒரு கம்பும்தான். விழாவில் அவள் மாற்றிய கதையைத்தான் போட்டோம். ஊர் பார்க்க இன்னொரு தடவை விழுந்தேன்.

இன்றைக்கும் யாருடைய ஃபைலிலாவது குறை எழுதப் பேனாவைத் திறந்தால், "எழுதிடட்டுமா?" என்று அவள் வாயிலிருந்து வந்த என் குரல் கேட்கிறது. பேனாவை மூடிவிட்டு, "உங்க வூட்டு வழி எப்படி இருக்கும், ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா?" என்று கேட்கிறேன்.