குழாய் வேண்டாம் என்றொரு வழக்கு

போன வாரம் திருச்சி கோர்ட்டில் நான் கை தட்டினேன். எங்கள் கட்சிச் சாட்சி எங்கள் கேஸைக் கவிழ்த்த அதே நிமிஷத்தில்.

எங்கள் கட்சி என்றால், பச்சைமலையில் குடியிருக்கும் மலைவாசிகள். அங்கே ஓர் ஊற்று. அதிலிருந்து இரும்புக் குழாய் போட்டு, அடிவாரத்தில் வரப்போகிற மில்லுக்குத் தண்ணீர் இறக்க ஏற்பாடு. கூடாது என்று மலைவாசிகள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களை ஆதரிக்க ஸ்ரீரங்கத்தில் ஒரு கமிட்டி. தலைவர் — அடியேன்.

எப்படித் தலைவரானேன்? பக்கத்துத் தெரு வக்கீல் ராகவன் காபி கொடுத்து, "ஓய், மலைக்காராளோட குழாய்க் கேஸ். உம்ம பேரைப் போட்டுக்கலாமா?" என்றார். பாவம், குழாய் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். எங்கள் தெருவில் குழாய் கேட்டு மனுப் போட்டு, நடுவில் சுதந்திரமே வந்துவிட்டது... குழாய் வரவில்லை. வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போகிற ஜனங்களும் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சாட்சிக் கூண்டில் பெரியசாமிக் கவுண்டர், மலையூரின் பெரியதனக்காரர். சித்திரையில் மற்ற சுனையெல்லாம் காய்ந்துவிடும், மலைமேல் இருக்கும் மூன்று ஊருக்கும் அந்த ஒரு ஊற்றுதான் என்று நிதானமாகச் சொன்னார். மில்காரர்களின் வக்கீல் எழுந்தார்.

"அந்த ஊற்று உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"உங்க ஊருக்காவது?"

"மனுசனுக்கு எப்படிங்க அது சொந்தமாவும்?"

என்ன ஒரு பதில்! தட்டினேன். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். டவாலிச் சேவகன் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். எதிர்க்கட்சி வக்கீல் மட்டும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

மத்தியான இடைவேளையில் ராகவன் தோசையைத் தொடவில்லை. "பட்டா கிடையாது. இப்போ சொந்தமும் இல்லைன்னு சொல்லியாச்சு. தலைவர் கையும் தட்டியாச்சு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கவுண்டர் சொன்னதில் என்ன தப்பு? நான் குடியிருக்கும் வீட்டின் அடிமனை மட்டும் என்னுடையதா? ஸ்ரீரங்கத்தில் பாதி மண் கோயில் மண், பெருமாளுடையது. வீட்டை விற்கலாம், மண்ணை விற்க முடியுமா என்று ஏதோ பொரிந்து தள்ளினேன். ராகவன் கையிலிருந்த டம்ளர் அந்தரத்தில் நின்றது. மறு நிமிஷம் கோர்ட்டைப் பார்த்து ஓடினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிற்பகல் ராகவனே எழுந்து கவுண்டரைக் கேட்டார். மனுஷருக்குச் சொந்தமில்லை, சரி. பின் யாருக்கு?

"சாமிக்குங்க."

தெய்வத்துக்குச் சொத்து இருக்கலாம், அது வழக்கும் போடலாம் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறதாம். ராகவன் முகத்தில் தீபாவளி. எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருப்பாரா? அந்தச் சாமியின் பேர் என்ன என்றார். ஜட்ஜும் கேட்டார். கவுண்டர் கை கூப்பினார்.

"பேரை மலையில விட்டுட்டுத்தாங்க கீழ எறங்குவோம். இங்க சொல்லக் கூடாதுங்க."

எங்கள் ஊரில் பெருமாளுக்கு ஆயிரம் பேர். எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி தினமும் சொல்கிறோம். இவர்களுக்கு இருப்பது ஒரே பேர், அதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பேரில்லாத ஆளுக்குச் சொத்து உண்டா என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டால் நியாயமாகப் பட்டது. சொல்லாததால் பேரே இல்லை என்று ஆகுமா என்று ராகவன் கேட்டால், அதுவும் நியாயமாகவே பட்டது. ஒரு தலைவர் இப்படி இருக்கலாமா?

ஜட்ஜ், தாமே மலையேறி ஊற்றைப் பார்ப்பதாகவும், பேரை அங்கேயே கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அதுவரை மலையில் ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கக் கூடாது!

ஜெயித்தோமா என்று கேட்டேன். "தோக்கலை," என்றார் ராகவன். கவுண்டருக்கு வேறு கவலை. என்னிடம் கேட்டார்: "ஊத்துக்கு முன்னாடியே ஐயா செருப்பைக் கழட்டிருவாருங்களா?" கழற்றுவார் என்று ஜட்ஜுக்காக நானே வாக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் நடந்ததையெல்லாம், கை தட்டியதை மட்டும் விட்டுவிட்டு, விஸ்தாரமாகச் சொன்னேன். ஒரு ஜட்ஜே மலையேறப் போகிறார் என்றால் சும்மாவா?

அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி நிமிரவில்லை.

"ஜட்ஜ் போய்ப் பாக்கப் போறார், சரி. ஏன்னா, கமிட்டித் தலைவர் எப்போ போய்ப் பாக்கறதா உத்தேசம்?"