அண்ணன் வண்டியில் திறந்திருந்த டேப்பு

பழைய பெட்ரோலுக்கு ஒரு வாடை உண்டு. பெட்ரோல் பங்கில் அடிக்கிற வாசனை வேறு. இது வார்னிஷும் புளித்த பழமும் சேர்ந்ததுபோல மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் என் வீட்டு வாசலில், பல வருஷமாக ஓடாமல் கிடந்த அண்ணனின் வண்டியில் கார்பரேட்டரை மெக்கானிக் பையன் கழற்றியபோது அந்த வாடை வந்தது. "தள்ளி நில்லுங்கக்கா, கண்ணு எரியும்" என்றான். எரிந்தது. பெட்ரோலால்தான் என்று அவன் நினைத்துக்கொண்டது எனக்கும் வசதியாகப் போயிற்று.

அந்த வண்டியை முதன்முதலில் அண்ணன் உருட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஏழு வயது. மதுரை செல்லூரில், விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் இருந்தோம். லேத் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன், தன் சம்பளத்தில் வாங்கிய "செகண்ட் ஹேண்ட்" வண்டி அது. மாடிப்படிக்கு அடியில் அதை நிறுத்தியதும், "பாப்பா, டேப்ப மூடு" என்று குரல் கொடுப்பான். டேங்குக்குக் கீழே இருந்த சின்னப் பெட்ரோல் டேப்பைத் திருகி மூடுவது என்னுடைய உத்தியோகம், வேறு யாரையும் தொட விடமாட்டேன். "மூடியிருந்தா வண்டி தூங்குது, திறந்திருந்தா முழிச்சிருக்கு" என்று அவன் சொல்லிவைத்திருந்தான்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாடிப்பட்டியில் டீச்சராக இருந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அப்பா தல்லாகுளத்தில் கோர்ட்டு டைப்பிஸ்ட். கத்திச் சண்டை போடத் தெரியாத மனிதர், பேசாமல் இருந்தே ஆளை நொறுக்கிவிடுவார். பதினைந்து நாள் அந்த மௌனத்தைத் தாங்கிவிட்டு, சாவியை அலமாரியில் வைத்துவிட்டு அண்ணன் நடந்தே வெளியேறினான். "அந்த வண்டிய யாரும் தொடக்கூடாது" என்று அப்பா சொன்ன ஒரே வாக்கியம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. மறுநாள் காலையில் நான் தொட்டேன். அண்ணன் வந்ததும் கிளம்ப வசதியாக வண்டி முழித்துக்கொண்டே இருக்கட்டும் என்று டேப்பைத் திறந்துவிட்டு வந்தேன்.

அது ஒன்றரை வருஷம் திறந்தே இருந்தது. ஆயுத பூஜைக்கு அம்மா வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நானும் அவளுமாகத் தள்ளி நசுக்கினோம். அப்பா அந்த நேரம் பார்த்துப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணனோடு பட்டறையில் இருந்த மாரி வந்து, "மாமா, அவன் பூனாவுல வேல கிடைச்சுப் போறான். திங்கக்கெழம வாடிப்பட்டியிலேருந்து புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கெளம்புறாக" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். "ஞாயித்துக்கெழம நானே வாரேன்னு சொல்லு" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். அப்புறம் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டாள்.

அப்பா வண்டியில்தான் போவேன் என்றார். "பஸ்ல போயிட்டு வந்துருங்களேன்" என்று அம்மா கெஞ்சியதற்கு, "வெறுங்கைய வீசிக்கிட்டு அங்க போயி என்னன்னு நிக்கிறது? வண்டியக் குடுக்க வந்தேன்னா ஒரு பேச்சு இருக்கும்" என்று பதில் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரை உதைத்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. தாமதமாகும் என்று மாரியிடம் சொல்லியனுப்பவும் அவருக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டு வாசலில் கடை போட்டிருந்த மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறார். "கொண்டாங்கய்யா, அரை மணி நேர வேலை" என்றாராம் அவர். செல்லூரிலிருந்து பாலத்தைத் தாண்டி அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் வழியில் எத்தனை பேர் "மகன் வண்டியா?" என்று கேட்பார்கள்! அதனால் வைத்தியத்தை மட்டும் கேட்டு, கோர்ட்டுத் தாளில் ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதி வந்தார். ஒரு நாளைக்கு ஒரு வைத்தியம். திங்கட்கிழமை பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்தார். நீலமாகப் பொறி வந்தது. பிளக்கில் குற்றமில்லை, பெட்ரோல்தான் போகவில்லை. செவ்வாய்க்கிழமை டேங்கில் இருந்ததை வாளியில் வடித்தார். வரக்காப்பி நிறத்தில் வந்தது. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே பழுப்பாக, பிசின் பிசினாக அப்பிக் கிடந்தது. டைப்ரைட்டர் எழுத்துகளைத் துடைக்கிற பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். பெட்ரோல் பாய்கிற, ஊசிமுனை அளவு ஓட்டை போட்ட ஜெட் என்கிற சின்னத் திருகை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைக் கம்பியால் குத்திக் குத்தி அடைப்பெடுத்தார். புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்ததும் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது. அடியில் பெட்ரோல் நிற்காமல் ஒழுகியது.

அன்று மெக்கானிக் கேட்டிருந்த ஒரு கேள்வியையும் அப்பா கொண்டுவந்திருந்தார். "டேப்பு மூடியிருந்துச்சா? திறந்திருந்தா பெட்ரோல் எறங்கி எறங்கிக் காஞ்சு பிசினாப் போயிருமாம்." டேப்பைப் பார்த்துவிட்டு அவரே சொல்லிக்கொண்டார்: "ஞாயித்துக்கெழம உதைக்கும்போதே திறந்துதான் கெடந்துச்சு. அவன் எதத்தான் ஒழுங்கா மூடிட்டுப் போனான்."

நான் பக்கத்திலேயே, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை சாயங்காலம், ஒட்டிக்கொண்டிருந்த மிதவையையும் அதன் ஊசியையும் சுத்தம் பண்ணிப் போட்டபின் வண்டி கிளம்பியது. சந்து முழுக்கப் புகை. தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா சிரித்தார், அவருடைய கடைவாய்ப்பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். பின்னால் நான், மடியில் அதிரசத் தூக்கு. வாடிப்பட்டியில் விசாரித்துப் போய் நின்ற வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து, "நீங்கதான் அப்பாவா? திங்கக்கெழம போக வேண்டிய புள்ள, அப்பா வாரேன்னாருன்னு டிக்கெட்ட மாத்திப்போட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நேத்துச் சாயங்காலந்தேன் கெளம்புச்சுக" என்றார்.

அப்பா அதுவரை வண்டியை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயம். அந்தம்மா உள்ளே போனபின் குனிந்து டேப்பை மூடினார். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் தீரும்வரை ஓடிவிட்டு வண்டி தானாக அடங்கியது. அதுவரை அவர் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அண்ணன் கடிதம் போடவில்லை. ஒன்பது வருஷம் கழித்து அப்பா இறந்தபோதுதான் வந்தான். மொட்டையடித்த தலையோடு உட்கார்ந்திருந்தவனிடம், "நீ போன மறுநாளே ஒன்னயத் தேடி வந்தாருடா, வண்டி கெளம்பலன்னுதான் லேட்டாப்போச்சு" என்று அம்மா சொன்னாள். அண்ணனுக்குக் கோபம் வந்தது. "நல்லா இருந்த வண்டி எப்படிம்மா கெளம்பாமப் போகும்?" என்றான். பதில் என் நாக்கில் இருந்தது. காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

இப்போது அம்மாவும் இல்லை. அந்த மாடிப்படி இல்லை, வீட்டை இடித்து வேறு யாரோ கட்டிவிட்டார்கள். வண்டி மட்டும் என்னோடு வந்துவிட்டது. மெக்கானிக் பையன் அந்தக் கார்பரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஜெட்டெல்லாம் எங்கயும் கிடைக்காதுக்கா. இப்ப வர்ற வண்டியில டேப்பே கிடையாது" என்றான். மூடவும் திறக்கவும் ஒன்றுமில்லாத வண்டிகள். என்னைப்போன்ற பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

அன்று சாயங்காலம் பூனாவுக்குப் போன் போட்டு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டேப்பைத் திறந்தது, ஸ்பேனரோடு நின்றது, அப்பா பழியை அவன்மேல் போட்டபோது சும்மா இருந்தது. அழுகையில் பாதி புரிந்திருக்காது.

"பாப்பா, வாடிப்பட்டிக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் இருந்துச்சு" என்றான். "அவருதான் ஏறல. அங்க வந்த பஸ்ஸெல்லாம் திரும்ப மதுரைக்குத்தான் வந்துச்சு. மூணு நாளு வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். நானும் ஏறல."